ஏழு இருபத்திரண்டு

முசாபாவில் சாம்பல் புதன்
வேலை நாள்தான்.
இரவுத் திருப்பலிக்குப் பஸ் பிடித்து ஓடி
நெற்றியில் வாங்கிய சிலுவையைக்
கேம்ப் வாசலுக்கு வருமுன்னே
காற்று பாதி கொண்டுபோய்விட்டது.
மீதியைப் பார்த்து வாட்ச்மேன் கேட்டான்,
"கிரீஸா, வியாகுலம் பாய்?"
"ஆமாம்" என்றேன்.
முதல் நாளே ஒரு பொய்.

பதினோரு தவக்காலம் இந்த ஊரில்.
வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் பிரியாணி.
என் தட்டின் கோழிக்காலை
மேல்கட்டில் ரவூஃபுக்குத் தள்ளிவிட்டுப்
பருப்பைப் பிசைந்து தின்பேன்.
பதினோரு வருடமும் அதே கோழிக்கால்.
கோழிக்கு நான்
எந்தக் கடனும் பட்டதில்லை என்று
இந்த வருடம்தான் தோன்றியது.

நான் டைம்கீப்பர்.
சைட் கேட்டருகே நின்று
யார் எத்தனை மணிக்கு வெளியேறினார்
என்று எழுதுவது வேலை.
ஏழு இருபத்திரண்டுக்கு ஒருவன் வந்தால்
ஏழு என்று எழுத வேண்டும்.
அரைமணி நிறையாதது நேரமே இல்லை;
எனக்கு முன்னிருந்தவர் சொல்லிக்கொடுத்தது,
அவருக்கு யாரோ.
எந்தச் சுற்றறிக்கையிலும் அது இல்லை.
என் கையெழுத்தில் மட்டும் இருந்தது.

முதல் வெள்ளி
சிலுவைப்பாதை முடிந்து வந்து
தூக்கம் பிடிக்காமல் கணக்குப் போட்டேன்.
ஆளுக்குச் சராசரி பதினேழு நிமிடம்.
நூற்று நாற்பது பேர்.
பெருக்கி மணியாக்கினால்
ஒரு நாளைக்கு நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு.
நாற்பது.
செல்போன் வெளிச்சத்தில் அந்த எண்ணையே
பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
வனாந்தரத்தில் அவர் பசித்துக் கடந்த எண்ணிக்கையை
நான் தினமும் தின்று
ஏப்பம் விட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை
ஏழு இருபத்திரண்டை
ஏழு இருபத்திரண்டு என்று எழுதினேன்.
கை நடுங்கியது. அவ்வளவுதான்.
வானம் ஒன்றும் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.
"என்ன இது, புதுக் கணக்கு?"
"அவர்கள் போன நேரம், சார்."
"யார் சொல்லி?"
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
என் இன்க்ரிமெண்ட் காகிதம்
மேஜை மேலிருந்து டிராயருக்குள் போனது.

நான்காம் வாரம் ரமலான் பிறை தெரிந்தது.
என்னை இரவு ஷிஃப்டுக்கு மாற்றினார்கள்.
மாலை ரெஜிஸ்டர் குல்ஜமான் கைக்குப் போயிற்று.
பெஷாவர்க்காரர். சலாமுக்கு மேல்
நாங்கள் பேசியதில்லை.
எல்லாம் பழையபடி என்று நினைத்துக்கொண்டு
மறுநாள் புத்தகத்தைத் திறந்தால்
ஏழு பதினாறு. ஏழு ஒன்பது. ஏழு இருபத்தேழு.
அவருடைய சாய்ந்த எண்களில்.
தாள் ஓரத்தில் பழுப்பாய் ஒரு விரல் பிசுக்கு,
நோன்பு திறந்த பேரீச்சம்பழம்.
நான் எதுவும் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

நேற்று, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின இரவு,
சாரம் கட்டும் ஹர்க்கா தமாங்
சம்பளச் சீட்டோடு வந்து நின்றான்.
இருபத்தோரு திர்ஹம் கூடுதலாம்.
கம்பெனி தவறிப் போட்டதை
அடுத்த மாதம் பிடித்துக்கொள்ளுமோ என்று பயம்.
திருப்பிக் கொடுக்கத்
தனியே மடித்து வைத்திருந்தான்.
"தப்பில்லை. உன் காசுதான்" என்றேன்.
சிரித்துத் தலையாட்டிவிட்டு
நாலடி போனவன் திரும்பினான்.
"அப்போ முன்னாடி, சாப்?"

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார்
மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லி
அனுப்பிவிட்டார்.
இவன் அனுப்புகிற மாதிரி தெரியவில்லை.
சீட்டை நெஞ்சோடு பிடித்தபடி
விளக்கடியில் நிற்கிறான்.
ஆறு வருடமாய் அவனை எனக்குத் தெரியும்;
சில நாள் ஏழு இருபத்தொன்பதுக்கும்
வெளியே வந்திருக்கிறான்.

"உட்கார், ஹர்க்கா" என்று
பெஞ்சில் நகர்ந்து
இடம் விட்டேன்.